மோட்டாருக்கு ராத்திரியில் இருமல்

அறுபதுகளின் தொடக்கத்தில், ராமநாதபுரம் கரையோரத்தில், நான் கொஞ்ச காலம் மோட்டார் வைத்தியனாக இருந்தேன். என் வீட்டில் இதை யாரும் நம்புவதில்லை. நம்பாததில் நியாயம் உண்டு. தையல் மெஷின் சிக்கிக்கொண்டால் நான் செய்யக்கூடியதெல்லாம், சற்றுத் தள்ளி நின்று அதை மரியாதையாகப் பார்ப்பதுதான்.

படித்தது சரித்திரம். பானிபட்டில் யார் யாரை வென்றார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அந்த நாளில், பாய் கட்டி ஓடிக்கொண்டிருந்த வள்ளங்களில் மோட்டார் மாட்டிப் பார்ப்பது என்று சர்க்கார் தீர்மானித்தது. மோட்டாரோடு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. மோட்டாரைக் கழற்றத் தெரிந்தவர்கள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. புத்தகத்தைப் படிக்கக்கூடியவர்களுக்கோ வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தது நான். ஒரு பட்டறையில் சில மாதம் எண்ணெய்க் கையோடு நிற்க வைத்து, பரிசோதகர் என்று ஒரு பெயரும் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

வள்ளத்தின் பின்னால் பலகை அடித்து மாட்டுகிற சின்ன மோட்டார் அது. தலையில் பெட்ரோல் டாங்கி, தண்ணீருக்குள் நீண்ட ஒற்றைக் கால், காலின் நுனியில் விசிறி. வலைக்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது ஏதோ நோயாளியைப் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கும். "சோர்ந்து சோர்ந்து போகுது சார்." "காலையில நல்லா இருந்துச்சு, வெயில் ஏறவும் படுத்துருச்சு." "வயித்துக்குள்ள என்னமோ உருளுது." என் புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. குறை, காரணம், பரிகாரம். வேகம் இல்லையா, பிளக்கில் கரி. சத்தம் போடுகிறது, ஆனால் வள்ளத்தைத் தள்ளவில்லையா, விசிறியைப் பிடித்திருக்கும் ஊசி உடைந்திருக்கும். சூடு ஏறுகிறதா, தண்ணீர் போகும் துவாரத்தில் பாசி. பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த அமைப்பு உடனே பிடித்துப்போயிற்று. நோயாளியைத் தொடாமலே பலன் சொல்லலாம்.

அந்த அட்டவணையில் இல்லாத நோய் ஒன்று திருப்பாலைக்குடியிலிருந்து வந்தது.

கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். அவரும் அவருடைய காக்காவும், அதாவது அண்ணனும், ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிற முஸ்லிம் சகோதரர்கள். தம்பி ஆபீஸ் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உட்காராமலே சொன்னார்.

"சார், நம்ம மோட்டாரு தேவிபட்டினத்துக்கு நேரே வந்தா மட்டும் நின்னுபோகுது."

"மற்ற இடத்தில்?"

"மத்த எடத்துல குதிரை சார். தெக்க வலை விட்டுட்டுத் திரும்புறோம், நல்லா வருது. கடலுக்குள்ள அந்த நவக்கிரகக் கல்லு ஒம்பதும் தெரியுதா, அங்கன வரவும் கம்முனு ஆயிருது. கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்தா பழையபடி ஓடுது. எங்களுக்குத்தான் கிரகமெல்லாம் கெடயாது. மோட்டாருக்கு இருக்கோ என்னமோ."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருக்குக் கவலை இருந்தது. ஐஸ் ஏற்றிய மீன் லாரி திருப்பாலைக்குடியில் யாருக்காகவும் காத்திருக்காது. மோட்டார் நிற்கிற நாளெல்லாம் இவர்கள் மீன் கரையிலேயே தங்கிவிடும். அதோடு இன்னொரு ஆபத்து. சரியாக ஓட்டத் தெரியாதவர்களிடமிருந்து மோட்டாரை வாங்கி வேறு ஊருக்குக் கொடுப்பது என்று ஆபீசில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. மேலதிகாரி மாதக் கடைசியில் பார்வையிட வருவதாக இருந்தார்.

பூகோளம் தெரிந்த நோயை நான் அதுவரை பார்த்ததில்லை. மறுநாளே அவர்களோடு கடலுக்குப் போனேன்.

காக்காதான் மோட்டார் பிடிப்பவர். நாற்பது வயது தாண்டிய ஒல்லியான மனிதர். தலையில் துண்டு, வாயில் எப்போதும் பாதிப் பேச்சு. மீதியை இருமலில் முடித்துவிடுவார். நான் என் படிப்பை எல்லாம் காட்டி, பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு கலக்கிறீர்கள், பிளக் எப்போது துடைத்தீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மோட்டார் உண்மையிலேயே குதிரையாகத்தான் ஓடியது. தேவிபட்டினம் நெருங்கியது. கடலுக்குள் கற்கள் தெரிந்தன, சுற்றி யாத்ரிகர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, வலைக்காரர் வீடுகள் இருக்கும் கரைக்கு நேராக வந்தபோது மோட்டாரின் குரல் மெலிந்தது. ஒரு தரம் உயர்ந்தது. பிறகு நின்றது. வள்ளம் சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் வழுக்கிப் போய்ச் சும்மா மிதந்தது.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரனுக்கு என்ன மகிழ்ச்சியோ அது எனக்கு. மூடியைத் திறந்தேன். பிளக்கைக் கழற்றினேன். உலர்ந்து கிடந்தது. பெட்ரோல் வரவில்லை. இதற்கான பக்கத்தைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கரையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண், அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மோட்டாருக்கு இன்னைக்குத் தேவலையா?"

காக்கா கரைப் பக்கம் திரும்பவில்லை. மோட்டாரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"பரவாயில்ல. பகல்ல ஒண்ணும் தெரியல. ராத்திரியிலதான் இருமல்."

"சூடு இருக்கா?"

"அந்திக்கு லேசா இருக்கும். விடியவும் விட்டுரும்."

"மோட்டாரு ஒழுங்காச் சாப்பிடுதா?"

"சாப்பிடுது, சாப்பிடுது. வாய்க்குத்தான் ருசி இல்ல."

நான் புளகாங்கிதம் அடைந்தேன். ஊர்ப் பெண்கள்கூட மோட்டாரின் நலத்தில் இத்தனை அக்கறையாக இருக்கிறார்களே, நம் திட்டம் மக்களைச் சென்று சேர்ந்துவிட்டதே என்று நினைத்தேன். அதைவிட மோசம், அறிகுறிகளை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். இரவில் இருமல் என்றால் குளிர்ந்த காற்றில் பெட்ரோல் சரியாகக் கலக்கவில்லை. மாலையில் சூடு என்றால் தண்ணீர்த் துவாரம். ருசி இல்லை என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது. அது மட்டமான எண்ணெயாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

திருப்பாலைக்குடிக்கு வந்து சேர்ந்ததும் தம்பியைத் தனியே அழைத்து, டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, நோயை விளக்கினேன். ராத்திரி இருமலுக்கு வந்தபோது அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், ராத்திரி நாங்க எங்க மோட்டார ஓட்டுறோம்? அது வீட்டுல சாக்கப் போத்திக்கிட்டுல்ல படுத்திருக்கு."

"பிறகு யாருக்கு இருமல்?"

"காக்காவுக்கு."

அப்புறம்தான் கதை வந்தது. கரையில் நின்றவள் இவர்களுடைய சகோதரி. காக்காவுக்குத் தங்கை, தம்பிக்கு லாத்தா, அதாவது அக்கா. உம்மாவும் வாப்பாவும் சீக்கிரமே மௌத்தாகிப் போனதால், காக்காதான் வளர்த்து, தேவிபட்டினத்தில் கட்டிக் கொடுத்தார். அவள் புருஷன் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் சகன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோற்றைப் போட்டு, சுற்றிலும் நான்கைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குத்தான் சகன் என்று பெயர். பெரியவர்கள் சகன் எல்லாம் நிரம்பிவிட்டது. ஒரு சகனில் ஆள் குறைந்தது. மச்சான் அவசரத்தில் காக்காவின் கையைப் பிடித்து அங்கே உட்கார வைத்துவிட்டார்.

"அதில என்ன தப்பு?" என்றேன்.

"அது சின்னப் பயலுக சகன் சார். சுத்திலும் மூக்கு ஒழுகுற பயலுக, நடுவுல எங்க காக்கா. ஒருத்தன் இவரு பக்கத்துக் கறியையும் எடுத்துத் தின்னுட்டான்."

காக்கா கையைக் கழுவிவிட்டு எழுந்தார். இந்த ஊர் மண்ணில் இனிமேல் கால் வைக்கமாட்டேன், தங்கச்சியோடு பேசமாட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். மச்சானும் லேசுப்பட்டவர் அல்ல. அவன் வந்து பேசாமல் நீ பேசினால் பார் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். ஊரில் பெரிய சண்டைகள் எல்லாம் சமாதானமாகிவிட்டன. இது மட்டும் அப்படியே நின்றது. சாம்ராஜ்யங்கள் இதைவிடச் சிறிய காரணங்களுக்காக விழுந்திருப்பதாக நான் படித்திருக்கிறேன்.

"பேசக்கூடாது, அதான் சாடையாப் பேசிக்கிறாக," என்றார் தம்பி. "மோட்டாரு அங்கன நிக்கப் போயித்தான் இதுவும் நடக்குது. காக்காவ மீறி நானும் அந்த ஊருக்குப் போறதில்ல, எனக்கும் லாத்தாவப் பாக்குறது சந்தோசந்தான். ஆனா மீனு நாறுதே சார்."

சாடை என்பது நம் குடும்பங்களில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை. மாமியார் மருமகளைத் திட்டவேண்டுமானால் பூனையைத் திட்டுவாள். ஆனால் இன்னொருவரின் நலத்தை விசாரிப்பதற்குச் சாடையை உபயோகித்தவர்களை நான் முதல் தடவையாக அன்றுதான் கண்டேன்.

அடுத்த தடவை போனபோது புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. மோட்டாரையும் பார்க்கவில்லை. காக்காவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். தம்பி முன்னணியத்தில், வள்ளத்தின் மூக்கில், உட்கார்ந்து வலையை உதறிக்கொண்டிருந்தார். கற்கள் புள்ளிபோலத் தெரியத் தொடங்கியதும், காக்காவின் இடது கை, தலை சொறியப் போவதுபோல எழுந்து, டாங்கி மூடியின் மேல் போயிற்று. மூடியின் நடுவில் ஒரு குட்டித் திருகு உண்டு. டாங்கிக்குள் காற்று போவதற்கு அதைத் திறந்து வைக்க வேண்டும். அதை அடைத்துவிட்டால் மோட்டார் உடனே நிற்காது. கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியாமல் ஓடும். காற்று போகாததால் பெட்ரோல் இறங்குவது மெல்ல மெல்லக் குறையும். பிறகு, மூக்கைப் பொத்திய மனிதனைப்போல, தவித்து நின்றுபோகும். எங்கே அடைத்தால் எங்கே நிற்கும் என்பதை அந்த மனிதர் ஒரு சாண் பிசகாமல் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

இரண்டு விரலால் திருகினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

மோட்டார் சத்தத்தில் முன்னணியத்துக்கு எதுவும் கேட்காது.

"தெறந்து வச்சா உப்புத் தண்ணி போயிரும்னு நீங்கதானே சொன்னீக," என்றார்.

"அது மோட்டாரைக் கழற்றி வைக்கும்போது."

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மண்ண மிதிக்கமாட்டேன்னுதான் சார் சொன்னேன். கடலப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"பேசமாட்டேன் என்றும் சொன்னீர்களாம்."

"அவளோட நான் எங்க பேசுறேன்? மோட்டாரப் பத்தில்ல பேசுறேன்."

"தம்பியிடம் சொல்லிவிட்டு நிறுத்தலாமே?"

கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானா நிப்பாட்டுனா நான் தோத்தேன்னு ஆகும். அதுவா நின்னா அல்லா நிப்பாட்டுனதுன்னு இருக்கும். இத வாங்குறதுக்கு முன்னால பாயில வருவோம். கச்சான் காத்து அடிச்சா ஒரு மூச்சுல இந்த ஊரத் தாண்டிரும். அவ தலை தெரியும், மொகம் தெரியாது. மோட்டாரு வந்துதான் சார் அவ மொகத்தப் பாத்தேன்."

மோட்டார் நின்றது. கரையில் வெள்ளைத் துப்பட்டி வந்தது. மோட்டாருக்கு ராத்திரி தூக்கம் வந்ததா என்று கேட்டது.

ஊர் திரும்பியதும் தம்பி என் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் காக்கா இனிமேல் அந்தத் திருகைத் தொடமாட்டார். அங்கே நிற்கவும் மாட்டார். குறை தெரியவில்லை என்று ஆபீசில் எழுதினால் மோட்டாரே போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் கரையில் ஒருத்தி சும்மா நின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு ஒரே ஒரு திறமைதான் உண்டு, படித்ததை வேறு இடத்தில் பொருத்துவது. அதை உபயோகித்தேன்.

"பாசி," என்றேன். "அந்த இடத்தில் ஆழம் குறைவு. தண்ணீர்த் துவாரத்தில் பாசி ஏறுகிறது. அடைத்துக்கொண்டு தானாக நிற்கும் வரை விட்டால் மோட்டார் கெட்டுவிடும். அதற்கு முன்னால் நீங்களே நிறுத்தி, பாசியை எடுத்துவிட்டு, சூடு ஆறியதும் கிளப்ப வேண்டும். தினமும்."

"பாசி தேவிபட்டினத்துல மட்டுந்தான் இருக்கா சார்?"

"அங்கே அடர்த்தி."

தம்பி என்னைப் பார்த்தார். காக்காவைப் பார்த்தார். காக்கா ரொம்ப அக்கறையாக ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சரி சார். ஆனா ஒரு பீடி குடிக்கிற நேரந்தான். லாரி போயிரும்."

"ஏலே, சூடு ஆறணும்லா," என்றார் காக்கா.

"ரெண்டு பீடி. அதுக்கு மேல இல்ல."

இவ்வாறாக ஒப்பந்தம் ஆயிற்று. முன்பெல்லாம் நின்றால் எவ்வளவு நேரம் என்று தெரியாது. இப்போது கணக்காக நின்றதில் லாரியும் தவறவில்லை. மேலதிகாரி வந்தார். திருப்பாலைக்குடிக்கு எதிரே மோட்டார் ஓடிக் காட்டியது. முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். என் முதுகை அல்ல, மோட்டாரின் முதுகை.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வள்ளத்தில் வேலை ஒன்றுமில்லை. ஆனாலும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு போனேன். ராமநாதபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். என்னோடு யாரும் சண்டை போட்டு, பேசாமல் இருக்கவில்லை. எனக்காக எந்தக் கரையிலும் யாரும் வந்து நிற்கவும் இல்லை. மோட்டார் ஓய்ந்த பிறகு வருகிற அந்த அமைதியில், வள்ளத்தின் விலாவில் தண்ணீர் தட்டும் சத்தத்துக்கு நடுவே, இரண்டு பேர் ஓர் இரும்புச் சாமானிடம் தங்கள் மனதை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்பதற்காக நான் பதினைந்து மைல் சைக்கிள் மிதித்திருக்கிறேன். இன்றைக்கு என் வீட்டில் எல்லோரும் என்னோடு நேராகவே பேசுகிறார்கள். அவர்களில் யாரும் எனக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்பதில்லை.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடைசியாக ஒரு தரம் போனேன்.

அன்று கடல் வற்றி இருந்தது. வள்ளம் வழக்கத்தைவிடக் கரைக்குக் கிட்டத்தில் போய் நின்றது. காக்காவின் இருமல் அந்த மாதம் அதிகமாகி இருந்தது. மோட்டார் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. கரையில் அவள் காத்திருந்தாள். கையில் ஒரு பாட்டில்.

"மோட்டாருக்குக் கசாயம் வச்சுக் கொண்டாந்திருக்கேன்," என்றாள்.

கணுக்கால் நனைய இறங்கி, முழங்கால் வரைக்கும் வந்தாள். வள்ளம் கட்டுவதற்காக அங்கே ஒரு கழி நட்டிருந்தார்கள். அதன் கவட்டையில் பாட்டிலைச் செருகிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்நிய ஆணின் கையில் கொடுப்பதாகாது, அண்ணன் கையில் கொடுப்பதும் ஆகாது. நான் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய் எடுத்து வந்தேன். அடைப்பைத் திறந்ததும் சுக்கும் மிளகும் திப்பிலியும் மூக்கில் ஏறின. காக்காவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"மோட்டாருக்குல்ல குடுத்துவிட்டிருக்கு," என்றார்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். கரையில் அவள் அசையாமல் நின்றாள். என் உத்தியோக வாழ்க்கையில் என் பதவிக்கு ஓர் உபயோகம் வந்தது அப்போதுதான்.

"நான் பரிசோதித்துவிட்டேன்," என்றேன், கரைக்கும் கேட்கும்படி. "மோட்டாருக்கு இதை நேராக ஊற்றக்கூடாது. ஓட்டுகிறவருக்குக் கொடுத்தால் மோட்டாருக்குச் சேர்ந்துவிடும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது."

காக்கா என்னைப் பார்த்தார். பாட்டிலை வாங்கினார். மோட்டாரின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து, பாதியைக் குடித்தார். முகம் கோணிப்போயிற்று. திரும்பினார், மோட்டார் பக்கம் அல்ல.

"என்ன புள்ள, இப்படிக் கசக்குது," என்றார்.

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. பாட்டிலைப் பிடித்த கை அப்படியே நின்றது. தூரத்தில் கற்களுக்கிடையே யாரோ தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் துப்பட்டியை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பிறகு அதை இறக்கினாள்.

தம்பி இதொன்றையும் கவனிக்கவில்லை. காக்கா குடித்து முடித்தார் என்று கண்டதும், லாரி ஞாபகத்தில், பின்னால் போய்க் கயிற்றைச் சுற்றி இழுத்துவிட்டார். மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அவள் வாய் அசைந்தது. கழியைத் தாண்டி ஓரடி முன்னால் வந்து, அவரைப் பார்த்து, நேராக, ஏதோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

வள்ளம் நகர்ந்துவிட்டது. காக்கா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு எழுந்து நின்றார். தம்பிக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது.

"நிப்பாட்டவா காக்கா?"

கரை சிறிதாகி, வெள்ளைத் துப்பட்டி மட்டும் தெரிகிற வரைக்கும் அவர் நின்றார். பிறகு உட்கார்ந்து, மீதிக் கசாயத்தை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"வேணாம். நாளைக்குக் கேட்டுக்கிறேன்," என்றார்.

மறுநாள் நான் மதுரை பஸ்ஸில் இருந்தேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.